மண்ணுக்குள் நிற்கும் கால்

களவு கொடுத்தவர்கள் நாங்கள். களவு போனது எங்களுடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டியவர்களும் நாங்களே! இது எந்த ஊர் நீதி என்று கேட்பீர்கள். எண்பத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் மலைக்கு அளக்கப்பட்ட நீதி அதுதான். நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து வந்த கடிதமும் அதையே மென்மையான சொற்களில் சொன்னது. பதிவேட்டில் "தென்மலைப் பகுதி, வீட்டுத் தூண், செதுக்கியவர் பெயர் தெரியவில்லை" என்று கிடக்கும் பொருளுக்கு உரிமை கோரும் குடும்பம், மரபுச் சான்றுடன் வெள்ளிக்கிழமை நேரில் வர வேண்டும். இந்த ஆண்டோடு உரிமை கோரும் காலம் முடிகிறது. சான்று போதாதென்றால் தூண் நிலையாக அங்கேயே இருக்கும்.

கடிதம் செலெப்பின் பெயருக்கு வந்திருந்தது. அவள்தான் அந்த வீட்டின் தலைச்சன். ஆணானாலும் பெண்ணானாலும் முதல் பிள்ளைக்கே வீடு. அந்தப் பிள்ளையை எங்கள் மொழியில் விதைத்தினை என்போம். பெண்ணுக்குச் சொத்தில் பங்குண்டா என்று உலகம் மாநாடு கூட்டிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் மலையில் பெண்கள் வீட்டுக்குத் தலைமை ஏற்றிருந்தார்கள். அப்படிப்பட்ட எங்களைத்தான் நாகரிகம் அற்றவர் என்று எழுதி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் நீலச் சிறு லாரியை அவள் வாசலில் நிறுத்தினேன். பெரும்புயல் பழைய ஊரை மலையோடு சரித்துக்கொண்டு போனபின் அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் எங்களுடையவை. வரிசை வரிசையாக ஒரே அச்சு. குடித்துவிட்டு வந்தவன் அடுத்த வீட்டில் படுத்து எழுந்த கதைகள் நிறைய உண்டு. செலெப் வீட்டை மட்டும் யாரும் தவறவிட மாட்டார்கள். சரிவில் தப்பிய கற்பலகைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து, முன்கூடத்துச் சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு அவற்றைப் பதித்திருந்தாள். அதிகாரி வந்து கேட்டபோது, "கால் சுடுதுய்யா" என்று மட்டும் சொன்னாளாம்.

முற்றத்தில் பாய் விரித்துச் சிவப்புக் கீரைக்கதிர் காயப்போட்டிருந்தது. ஓரத்தில் அமர்ந்து அவள் தினைமாவையும் பன்றிக்கறியையும் இலையில் பொதிந்து நாரால் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி கூயி, தந்தையின் கடைசித் தூணைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தான். இருபது ஆண்டுகள் நகரத்துக் கட்டடங்களில் பலகையடித்தவன். தந்தை நோயில் விழுந்தபோது திரும்பி வந்து உளியை எடுத்தவன்.

"இன்னும் எத்தனதான்க்கா மடிப்ப? போறது ஆபீசுக்கா, கல்யாணத்துக்கா?"

"எண்பத்திரண்டு வருஷம் பட்டினி கெடந்தவருக்குச் சோறு கொண்டு போறேன். ஒனக்கு என்னடா அவசரம்?"

"அவரு மரம்க்கா."

"நீ மட்டும் என்னவாம்? பொறந்தப்ப அழக்கூட இல்ல, மரக்கட்டையாட்டம் கெடந்தேன்னு அம்மா சொல்லும்." அவள் என்னைப் பார்த்தாள். "வாங்கண்ணே. வண்டியில மைக்கு எதுவும் ஏத்தலையே?"

"ஏன்?"

"போன தடவ மாவட்ட ஆபீசுல நீங்க பேசின பேச்சுக்கு, நம்ம மனுவ வாங்காமலே கதவச் சாத்திட்டான்."

சிரித்துக்கொண்டேன். எங்கள் பெயரை எங்களுக்கே திருப்பிக் கொடு என்று தலைநகரத் தெருக்களில் முழங்கியவன் நான். ஜப்பானிய அரசு ஒரு பெயர் சூட்டியது. அடுத்து வந்த சீன அரசு இன்னொரு பெயர் சூட்டியது. செலெப்பின் தந்தை கபிச்சுவான் மூன்று பெயர்களில் மூன்று அடையாளச் சீட்டு வைத்திருந்தார். அந்தப் பழைய கோபம் என் தொண்டையில் இன்றும் ஆறவில்லை.

சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தைச் செலெப் கழற்றினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் ஜப்பானியக் காவலதிகாரி ஒருவர் அந்த வீட்டு மூதாதைத் தூணைப் பெயர்த்துச் சென்றார். அதற்கு ஈடாகச் சர்க்கரை டப்பா ஒன்றும், தூணைப் பிடித்த படம் ஒன்றும் கொடுத்தார். சர்க்கரை ஒரு வாரத்தில் கரைந்தது, படம் நின்றது. மார்பளவில் கிண்ணம் ஏந்திய மூதாதை, அவர் தலைமேல் சுருண்ட நூறடி விரியன். கடித்தால் நூறு அடி வைப்பதற்குள் உயிர் போகும் அந்தப் பாம்புதான் எங்கள் தலைக்குடிகளின் காவல். தூணைப் பறிகொடுத்த அன்றைய வீட்டுத்தலை லவகாவ் அதன்பின் தூண் செதுக்கவில்லை, ஜப்பானியர் விதித்த தடை அப்படி. கரண்டியும் கிண்ணமும்தான் செய்தார். அவர் மறைந்து, போரும் ஓய்ந்தபின், மகன் புலலுயான் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மீண்டும் தூணில் கைவைத்தார். அவரிடம் கற்றவர் கபிச்சுவான். அறுபது ஆண்டுகள் அந்தப் படத்தின்மேல் ஓர் ஈயைக்கூட உட்கார விடவில்லை அவர். தூணைத் திருப்பித் தரக் கேட்டு அவர் எழுதிய மனுக்கள் பதினொன்று. பன்னிரண்டாவதை எழுதியவள் செலெப். முதன்முறையாகப் பதில் வந்ததும் அதற்குத்தான்.

கடைசியாக, லவகாவ் குடைந்த இணைக்கிண்ணத்தைத் துணியில் சுற்றினாள். ஒரே மரத்தில் இரு கிண்ணங்கள். இருவர் தோளணைத்து ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். அடியில் இருந்த தினைக்கதிர் வெட்டை அவள் கட்டைவிரல் பழக்கத்தில் தடவியது. அந்த வீட்டில் கரண்டியானாலும் தூணானாலும், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் அந்தக் கதிர் விழாமல் வேலை முடியாது. தூணில் அது மண்ணுக்குள் புதையும் காலில் இருக்கும். அந்தக் கதிரில் கபிச்சுவான் எட்டு தினைமணி வெட்டுவார். கூயி ஒன்பது வெட்டுகிறான். வீட்டுக்குப் புதுத்தலை வந்தால் ஒரு மணி கூட்டு என்பதே அவனுக்குச் சொல்லப்பட்டது. உண்டபின் கை கழுவுவதுபோல் அது. அதைக் கலை என்று யாரும் எண்ணியதில்லை.

*

அருங்காட்சியகத்துக் காவலர் எங்களை வாயிலிலேயே நிறுத்தினார்.

"பாக்கத் துப்பிட்டு வாங்க. சாப்பாடு, தண்ணி, மது எதுவும் உள்ள போகக்கூடாது."

கூயி பாக்கை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான். செலெப்பின் இலைப்பொதிகளும் தினைமதுக் குடுவையும் காவலர் மேசைக்குப் போயின.

"வெறும் கிண்ணமாவது போலாமா?"

"வெறும் கிண்ணம்னா... சரி, போங்க."

"சூடு ஆறதுக்குள்ள ரெண்ட நீ எடுத்துச் சாப்பிடு. அவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். காவலர் பொதியை வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

நிலவறையில் குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்தது. பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வென்சிங் என்ற அம்மையார் முன்னால் நடந்து விளக்கைப் போட்டார். அங்கே நின்றது தூண். எங்கள் மழை படாமல், எங்கள் புகை படாமல், சாம்பல்நிறத் தகரப் பெட்டி ஒன்றில் கால் மாட்டப்பட்டு நின்றது.

செலெப் கிட்டப் போனாள், தொடவில்லை. "வந்துட்டோம்ய்யா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றாள், பேருந்தைத் தவறவிட்டு வந்தவளைப்போல.

உரிமைக் கோரிக்கையை ஆராயும் குழுவின் தலைவர் பேராசிரியர் சியா, வெள்ளைக் கையுறையணிந்த மெலிந்த மனிதர். கபிச்சுவானின் தூணை அதன் அருகில் நிறுத்தச் சொன்னார். போர்வை விலகியது. இரண்டையும் பார்த்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். மீண்டும் இரண்டையும் பார்த்தார்.

முதலில் கண்டவன் கூயிதான். அவன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். கபிச்சுவானின் விரியன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தது. மூலத்தூணின் விரியனோ இடப்பக்கம் பார்த்தது. கிண்ணம் ஏந்திய கை மாறியிருந்தது. மார்பில் தொங்கிய மணிமாலையின் முடிச்சும் பக்கம் மாறியிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றார் பேராசிரியர். "வேலை ரொம்ப நல்ல வேலை. ஆனா எல்லாமே திரும்பியிருக்கு. தலைமுறை தலைமுறையா செதுக்கின வீடுன்னா, மூதாதை எந்தக் கையில கிண்ணம் புடிச்சாருன்னு மறந்திருக்காது. இது படத்தப் பாத்துச் செஞ்சதுன்னு குழுவுல சொல்லுவாங்க. படத்தப் பாத்து யார் வேணும்னாலும் செதுக்கலாம் இல்லையா?"

வென்சிங் ஓர் அலமாரியிலிருந்து பழைய கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து வந்து விளக்குக்கு நேரே பிடித்தார். அதில் விரியன் இடப்பக்கம்தான் பார்த்தது.

"பிரதி எடுக்கும்போது தகட்டைப் பொறம் மாத்தி வச்சுட்டாங்க சார். இவங்க கையில இருந்தது இடவலம் மாறின படம்."

"தப்பு எங்க நடந்ததுன்னு புரியுது, வென்சிங். தூண் யாரோடதுங்கிறது இதுல புரியலையே."

நான் பேசினேன். எப்படிப் பேசாமல் இருப்பேன்! தூணையும் நீங்களே எடுத்தீர்கள், படத்தையும் நீங்களே பிடித்தீர்கள், அந்தப் படத்தையும் புரட்டிக் கொடுத்தீர்கள். புரண்டதைப் பார்த்துச் செதுக்கியவனிடம் உன் கை புரண்டிருக்கிறது என்கிறீர்கள்! கண்ணைக் கட்டிவிட்டவனே வழி தெரியவில்லையா என்று கேட்பதா? நிலவறை அதிர்ந்தது. காவலர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். வாயோரத்தில் தினைமாவு ஒட்டியிருந்தது.

"அண்ணே" என்றாள் செலெப் மெல்ல. "நீங்க சொல்றது அம்புட்டும் உண்மை. அவரும் தலையாட்டுறாரு, பாருங்க. ஆனா தலையாட்டினா தூண் வண்டியில ஏறாது."

கூயி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சாகுறதுக்கு மொத நாள்கூட அந்தப் படத்தத் தொடச்சு வைக்கச் சொன்னாருக்கா. அறுபது வருஷம். அத்தன தூணும் தப்பு. அப்பாவோட கையே தப்பு."

"எந்திரிடா."

"நான் செதுக்கினதும் தப்பு."

"எந்திரின்னு சொல்றேன்ல. பெரியவரு முன்னாடி காலப் பரப்பிக்கிட்டு உக்காந்திருக்க."

கையிலிருந்த கிண்ணத்தைத் தூணின் முன் வைக்கக் குனிந்தாள். குனிந்தவள் தயங்கினாள். வெறும் கிண்ணத்தை நிமிர்த்தி வைப்பது மூத்தவரைக் கேலி செய்வது என்பது அந்த வீட்டு வழக்கம். ஊற்ற மதுவில்லை; மது வாயிலில் இருந்தது. ஆகவே அவள் இணைக்கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடிப்பக்கம் விளக்கொளியைப் பார்த்தது.

தரையில் உட்கார்ந்திருந்த கூயியின் கண்ணுக்கு நேரே இருந்தது தினைக்கதிர். அவன் உதடு அசைந்தது.

"அக்கா, இது ஆறு."

"என்ன ஆறு?"

"மணி. லவகாவ் கிண்ணத்துல ஆறு. அப்பா தூணுல எட்டு. என்னுதுல ஒம்போது." அவன் எழுந்து நின்றான். "சார், இதோட கால் எங்க?"

"கால்?"

"மண்ணுக்குள்ள போற கால், சார். இந்தப் பெட்டிக்குள்ள இருக்குல்ல, அது."

பேராசிரியர் வென்சிங்கைப் பார்த்தார். "நான் வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. இந்தப் பெட்டியத் தொறந்ததே இல்ல சார்" என்றார் வென்சிங். "தொறந்ததா பதிவேட்டுலயும் இல்ல."

அந்த மெலிந்த மனிதரிடம் நேர்மை இருந்தது. நன்றியோடு சொல்கிறேன், அது இருந்தது. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "உள்ள என்ன இருக்கும்னு நீங்க முதல்ல சொல்லுங்கம்மா. நான் எழுதிக் கையெழுத்துப் போடுறேன். அப்புறம் தொறப்போம். இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி அதையும் எழுதணும்."

கூயி அக்காவின் முழங்கையைப் பிடித்தான். "யோசிச்சுச் சொல்லுக்கா. இல்லாமப் போச்சுன்னா இதோட போச்சு."

செலெப் யோசிக்கவில்லை. தினை விதைக்கும் நாளில் வீட்டுத்தலை சொல்லும் பெயர் வரிசையை, விரல் மடக்கிச் சொன்னாள்.

"குலேலே. ஆருவாய். பாலாங். சுகு. செபுல். லவகாவ். புலலுயான். கபிச்சுவான். செலெப். நான் ஒம்போதாவது. எங்கப்பா எட்டு. கிண்ணம் செஞ்ச லவகாவ் ஆறு. இந்தத் தூண, லவகாவோட அம்மா செபுல் தலைமையில அவ புருஷன் செதுக்குனாரு. அஞ்சாவது தல. கால்ல தினைக்கதிர் இருக்கும். அஞ்சு மணி இருக்கும். எழுதிக்குங்க."

எழுதினார். கையெழுத்திட்டார்.

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. வென்சிங் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஒவ்வொன்றாகச் சுழற்றினார். நால்வர் சேர்ந்து தூணைத் தூக்கிப் பஞ்சுமெத்தையில் கிடத்தினோம். பெட்டி கழன்றபோது முதலில் வந்தது மணம். அந்த வாசனையற்ற அறையில், எண்பதாண்டு மூடிக்கிடந்த கற்பூர மரத்தின் மணம்! அடுத்து வந்தது மண். பழைய ஊரின் கறுத்த மண், காலோடு காய்ந்து ஒட்டிக்கிடந்தது. புயல் அந்த ஊரைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. அதன் ஒரு பிடி மண் இங்கே, ஒரு தகரப் பெட்டிக்குள், எங்களுக்காகக் காத்திருந்தது.

பேராசிரியர் மெல்லிய தூரிகையால் துடைத்தார். மண் உதிர உதிரக் கதிரின் தண்டு தெரிந்தது. பிறகு மணிகள். அவர் வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

நிறுத்தினார். தூரிகையை மாற்றிப் பிடித்தார். இறுகிய மண்கட்டி ஒன்று விழுந்தது.

"அஞ்சு."

யாரும் கைதட்டவில்லை. கூயி, தந்தையின் தூணைச் சாய்த்து அதன் காலை இதன் காலருகே வைத்தான். அதே தண்டு, அதே சாய்வு, மணியின் மேல் உளியை ஒரு சொட்டு அழுத்தித் தூக்கும் அதே கை. படம் காட்டியதெல்லாம் புரண்டு வந்திருந்தது. எந்தப் படமும் காட்டாதது மட்டும், கையிலிருந்து கைக்கு நேராக வந்திருந்தது!

"இதப் பாத்துச் செஞ்சாங்கன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது" என்றார் பேராசிரியர். "பாக்க வழியே இல்ல."

செலெப் கவிழ்ந்திருந்த கிண்ணத்தை நிமிர்த்தினாள். மெத்தையில் உதிர்ந்த மண்ணை விரலால் கூட்டி அள்ளி, அதில் இட்டாள். அருங்காட்சியகத்துப் பொருளை எடுக்கக்கூடாது என்று விதி இருக்கும். அன்று வென்சிங் அந்த நேரம் பார்த்துத் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

ஜூலை இறுதியில், தினை அறுப்பு முடிந்த வாரம், தூண் ஊர் திரும்பியது. முதல் நாள் பெய்த மழையில் மலை கழுவித் துடைத்தாற்போல் நின்றது. கூயி முன்கூடத்தில் குழி தோண்டியிருந்தான். இருந்தது ஒரே குழி.

"ரெண்டு தோண்டச் சொன்னேனே" என்றாள் செலெப்.

"அப்பாவோடத உள் அறையில வச்சுடலாம்க்கா. பெரியவரு வந்தாச்சு. இனிமே நானும் அவரு பார்க்கிற பக்கமே செதுக்குறேன். வர்றவன் போறவன் எல்லாம் ரெண்டையும் ஒப்புப் பாத்து, அப்பாவச் சிரிக்கிறதுக்கா?"

"எவன் சிரிப்பான்?"

"எவனாவது."

"கூயி, இங்க வா." அவள் குரல் தாழ்ந்தது. "தூணப் புடுங்கினான். செதுக்காதேன்னான். பேர மாத்தினான். மலையவிட்டு எறக்கினான். அத்தனைக்கும் அப்புறம், கையில இருந்த ஒரே ஒரு படத்த வச்சுக்கிட்டு ரெண்டு பேரு உளியக் கீழ போடாம இருந்தாங்க. அவங்க அதப் போட்டிருந்தா, நீ அன்னிக்கு எந்தக் காலக் காட்டியிருப்ப? கிண்ணத்த மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்ப? அப்பா தப்பாச் செதுக்கல. எதிர்ப்பக்கம் நின்னு செதுக்கினாரு. தோண்டு."

அவன் தோண்டினான். கண்ணைத் துடைத்த புறங்கையில் மண் இருந்ததால் முகமெல்லாம் கறையானது.

"வேஷம் கட்டாமலே கூத்துக்காரனாயிட்டே" என்றேன்.

"நீங்க மைக்கப் புடிங்கண்ணே, ஆடுறேன்" என்றான்.

கிண்ணத்து மண்ணை இரு குழியிலும் பகிர்ந்து இட்டாள் செலெப். வலப்பக்கம் மூலத்தூண், அதன் விரியன் இடம் பார்த்தது. இடப்பக்கம் கபிச்சுவானின் தூண். அதன் விரியன் வலம் பார்த்தது. நிறுத்தி மண் மூடி, கற்பலகையைப் பொருத்திவிட்டு நாங்கள் விலகி நின்றபோது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஏந்திய கிண்ணங்கள் இரண்டும் நடுவில் நெருங்கியிருந்தன. ஐந்து மணியும் எட்டு மணியும் மண்ணுக்குள் போயின.

தூணோடு வண்டியில் வந்திருந்த வென்சிங் வாசலிலேயே நின்றிருந்தார். கையுறை இல்லாத கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உள்ள வாங்க" என்றாள் செலெப். "பத்தொம்பது வருஷம் இவரக் கரையான் தின்னாமப் பாத்துக்கிட்டீங்க."

"அது என் வேலைங்க."

"வேலைன்னா தொடச்சு வச்சா போதும். காவல்காரரு சொன்னாரு, நீங்க தெனமும் வெளக்க அணைக்கும்போது இவருகிட்ட சொல்லிட்டுத்தான் போவீங்களாமே."

வென்சிங்கின் முகம் சிவந்தது. "தனியா இருக்காரேன்னு..."

இங்கே ஒன்று சொல்வேன், உரத்துச் சொல்வேன். கொள்ளைக்கு நாங்கள் நன்றி சொல்ல மாட்டோம். எங்கள் பிள்ளைகளும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கொள்ளைப் பொருளை மனிதனாக எண்ணி விடைபெற்றுச் சென்ற ஒரு கை உண்டு. மெய்யைக் கண்டதும் குறிப்பேட்டில் மாற்றி எழுதாத ஒரு கை உண்டு. இருட்டறைக்குக் கல் எறியத் தெரிந்த நாக்கு, விளக்கேற்றிய கையை வணங்கவும் தெரிந்திருக்க வேண்டும். என் நாக்குக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்த வீடு.

செலெப் இணைக்கிண்ணத்தில் தினைமதுவை வழிய ஊற்றினாள். வென்சிங்கின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சாய்க்கணும். முந்தினா சிந்தும், பிந்தினாலும் சிந்தும்."

"எனக்குப் பழக்கமில்லையே."

"எனக்கும் ஒங்ககூடப் பழக்கமில்ல. சாய்ங்க."

சாய்த்தார்கள். வென்சிங் முந்திவிட்டார். பாதி மது அவர் மோவாயில் வழிந்து, கிண்ணத்தின் விளிம்பு தாண்டி, புதிதாய்ப் பொருத்திய கற்பலகையின் இடுக்கில் கொட்டி, மூலத்தூணின் காலை நோக்கி ஓடி மறைந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க! தூண்மேல பட்டுடுச்சு" என்று பதறித் துணியைத் தேடினார் வென்சிங்.

செலெப் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்று வாயிலில் நின்றுவிட்ட மது அல்லவா அது!

"தொடைக்காதீங்க" என்றாள். "அவரு குடிக்கட்டும்."